சங்க எல்லைக்குட்பட்ட கடைகளில்

காட்டூர்,
6 மார்ச் 2025

மாப்பிள்ளை ஸ்டீபன்ராஜ் அவர்களுக்கு,

போதும், இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. தங்கை புருஷனாயிற்றே என்று ஒரு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நேற்று சாம்பல் புதன். பாலக்கரை கோயிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் கண்ணை மூடி, நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். ஊரில் உள்ள பாவம் எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒருவரே சாம்பல் வாங்கிக்கொள்வது போல ஒரு முகம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

போனில் சொல்லியிருப்பேன். ஜனவரியில் உங்கள் பேத்தியின் ஞானஸ்நான விருந்தில் நான் சத்தம் போட்டதிலிருந்து என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அதைப் பாதியாக வெட்டி சங்கக் குழுவில் போடுவீர்கள். அதனால்தான் தபால்.

பிப்ரவரி முதல் வாரம் ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் வீட்டு அறுபதாம் கல்யாணப் பத்திரிகையை டைப் செய்து கொடுப்பது நான்தான். பத்தொன்பது வருடம் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் இப்போது அடுத்தவர் வீட்டுப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை திருத்துகிறேன். என்னை வெளியே அனுப்பிய நிர்வாகத்துக்கும் ஒருநாள் எழுதுவேன். இன்று உங்கள் முறை.

திரும்பும்போது நல்ல வெயில். ராஜகோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கூல்பாரில் ஒதுங்கினேன். வாசலில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு ஃப்ரிட்ஜ். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை அந்த அமெரிக்கக் கோலா. கல்லாவில் ஒரு பெண்.

“கூலிங்கா சார், கூலிங் இல்லாமலா?”

“அது வேண்டாம்மா. பன்னீர் சோடா இருக்கா?”

“அதெல்லாம் வெக்கிறதில்ல சார். வேற எதையும் அடுக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டாரு.”

“யாரும்மா ஓனர்?”

“பாலக்கரைக்காரரு சார். அங்க சங்கத்துல பெரிய ஆளாம்.”

தேவதர்ஷினி என்று பெயர் சொன்னாள். பாவம், பெருமையாகத்தான் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தேன். ‘ராணி கூல்பார்’ என்று பலகை. கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் உணவுப் பாதுகாப்பு உரிமம். பெயர்: எஸ். அமலராணி. என் தங்கையின் பெயர்.

மாப்பிள்ளை, எட்டு வருடம் முன்னால் ஊரெல்லாம் அந்நியக் குளிர்பானம் வேண்டாம் என்று கொதித்தபோது, நம் பாலக்கரை கிழக்கு சிறுவணிகர் சங்கமும் தீர்மானம் போட்டது. மற்ற ஊர்க்காரர்கள் ஆறு மாதத்தில் மறந்துவிட்டார்கள். இன்றைக்குக் காட்டூரில் என் வீட்டு முனையில் அது கிடைக்கிறது. கே.கே. நகரில் அட்டை அட்டையாகக் குவிந்திருக்கிறது. மருங்காபுரி பஸ் ஸ்டாப்பில் தொங்கவிட்டு விற்கிறார்கள். நம் நாற்பத்து மூன்று கடைகளில் மட்டும் இல்லை. “உலகத்துலயே மூணு இடத்துலதான் அது விக்கிறதில்ல. வடகொரியா, கியூபா, பாலக்கரை கிழக்கு!” என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் நீங்கள் பேசிக் கைதட்டு வாங்குவீர்கள். வடகொரியாவும் கியூபாவும் நான் சொல்லிக்கொடுத்தது.

அந்தத் தீர்மானத்தை மீறியதற்காகத்தான் ஐந்தாம் நம்பர் கடை ஆபிதாவை நீங்கள் இடைநீக்கம் செய்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடை. புருஷன் ஆசாத் சார்ஜாவில் இருக்கிறார். ஒற்றை ஆளாகக் கடையை நடத்தும் பெண். பால் பாக்கெட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு பாட்டில் வைத்திருந்தாள். ஏப்ரல் 27 பொதுக்குழுவில் அவள் நீக்கம் உறுதியானால், சங்கக் கட்டடத்திலிருந்து மே மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். கடை போனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பொதுக்குழுவுக்கு முன்னால் செயலாளர் என்ற முறையில் அந்த நீக்கத்தை நீங்களே ரத்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
செபஸ்தியான், எம்.ஏ., எம்.ஃபில்.

*

மரியே வாழ்க

பாலக்கரை,
12.3.2025

அன்பு மச்சானுக்கு ஸ்டீபன் எழுதுறது. இங்க எல்லாரும் நலம். அங்க அக்கா நலமா?

லெட்டர் கிடைச்சுது. ஸ்பீட் போஸ்ட்ல கையெழுத்து வாங்கிட்டு குடுத்தாங்க, ஏதோ கோர்ட் நோட்டீஸ்னு பயந்துட்டேன். பிரிச்சா நீங்க. சிரிப்பு வந்துருச்சு. ஆறு கிலோமீட்டர்ல இருந்துக்கிட்டு ஒரு எட்டு வந்து கேட்டா நான் என்ன கடிச்சா வெக்கப் போறேன்?

எனக்கு உங்கள மாதிரி எழுத வராது. மனசுல உள்ளத சொல்றேன். ஸ்ரீரங்கத்துல கடை இருக்கு. இல்லன்னு சொல்லல. ஒளிச்சும் வெக்கல, ரோட்டு மேல இருக்கு. பெருமாள் சேவிக்க வர்ற வடநாட்டு ஜனம் பஸ்ஸவிட்டு எறங்குனதும் அதத்தான் கேக்குது. பன்னீர் சோடாவ நீட்டுனா மருந்தான்னு மோந்து பாக்குறாங்க. நான் என்ன செய்ய?

தீர்மானத்த மீறிட்டேன்னு எழுதியிருக்கீங்க. தீர்மான புக்க எடுத்து வெச்சு ரெண்டு தடவ படிச்சேன் மச்சான். இப்படி இருக்கு: “சங்க எல்லைக்குட்பட்ட கடைகளில் அந்நிய நாட்டுக் குளிர்பானங்கள் விற்பனை செய்யப்படமாட்டா.” நம்ம சங்க எல்லை எது? ரவுண்டானாலேர்ந்து ஆஸ்பத்திரி காம்பவுண்டு வரைக்கும். ஸ்ரீரங்கம் காவேரிக்கு அந்தாண்ட இருக்கு. நான் எதையும் மீறல.

நான் முதல்ல எழுதிக் குடுத்தது “மெம்பர் யாரும் விக்கக் கூடாது”ன்னு. நீங்கதான் அத அடிச்சுட்டு, இது ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்குன்னு சொல்லி, எல்லைக்குட்பட்டன்னு அழகா எழுதுனீங்க. உங்க தமிழு, உங்க பேனா. இப்ப என்னய ஏன் கேக்குறீங்க?

ஆபிதா விஷயம் வேற. அந்தம்மா எல்லைக்கு உள்ள வித்துச்சு. ரூல்னா ரூல்.

தவக்காலம் மச்சான். கோவத்த ஒறுத்தல் செய்யுங்க.

உங்க மாப்ள
ஸ்டீபன்

*

காட்டூர்,
17 மார்ச் 2025

ஸ்டீபன்ராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவினேன். காகிதத்தில் பிசுக்கு இல்லை. இருந்தும் கழுவினேன்.

ஆமாம், அந்த வரி நான் எழுதியதுதான். நல்ல வாக்கியம் என்று அன்றைக்கு எனக்குள் மெச்சிக்கொண்டேன். ‘விற்பனை செய்யப்படமாட்டா’ என்று பன்மை முடிவு சரியாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டவன், அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. யார் விற்கக் கூடாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எங்கே விற்கக் கூடாது என்று நான் மாற்றினேன். படித்தவன் செய்கிற தப்பு.

நான் அதைத் தெரியாமல் செய்தேன். நீங்கள் அதைப் படித்துவிட்டுக் காவிரிக்கு அந்தப் பக்கம் கடை பார்த்தீர்கள். ஸ்ரீரங்கம் கடை திறந்தது தீர்மானம் போட்ட மூன்றாம் மாதம். தெரியும், விசாரித்தேன். அந்தச் சமயத்தில் இந்தப் பக்கம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? சகாய மாதா கோயில் வாசலில் மேடை போட்டு, ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சாக்கடை மூன்று நாள் நுரைத்தது. ஈ மொய்த்தது. அப்போது நான் பாலக்கரையில் வைத்திருந்த கடைக்கு நேர் எதிரே. வாடை தாங்காமல் ஊதுபத்தி வாங்கி வைத்தேன். இன்றைக்கு யோசித்தால், அந்தப் பாட்டில்களை நீங்கள் வாங்கிய இடத்திலேயேதான் மறுவாரம் ஏஜென்சிக்கும் பேசியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. வயிற்றைப் புரட்டுகிறது.

அன்று விநியோகித்த துண்டறிக்கையும் நான் எழுதியது. கீழே உங்கள் பெயர் அச்சானது. ‘செயலாளர் பேர்தான் போடணும் மச்சான், அதான் முறை’ என்றீர்கள். எட்டு வருடம் ஆகிறது. மறக்கவில்லை.

அதையெல்லாம் விடுங்கள். ஆபிதாவின் நீக்கத்தை ரத்து செய்வீர்களா, மாட்டீர்களா? ஒரு வார்த்தையில் பதில் போதும். அக்கா நலமா என்று என் மனைவியை விசாரித்திருந்தீர்கள். அவளுக்கும் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “இவரையா நம்ம ராணிக்குப் பாத்தோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செபஸ்தியான்

*

மரியே வாழ்க

பாலக்கரை,
24.3.2025

அன்பு மச்சானுக்கு,

ஒரு வார்த்தையில பதில் கேட்டீங்க. எனக்கு ஒரு வார்த்தையில பேசத் தெரியாது, கோச்சுக்காதீங்க.

நாம பேசித் தீத்துக்கலாம். டிசம்பர்ல உங்க கடைய மூடிட்டீங்க. வீட்டுல உக்காந்து பத்திரிக்க டைப் அடிக்கிறது உங்க படிப்புக்கு அழகா? அஞ்சாம் நம்பர் எப்படியும் காலியாகும். ஆஸ்பத்திரிக்கு எதிர்ல, ஜெராக்ஸ் போட்டா நாள் பூரா மிஷின் நிக்காது. ஆதார் ஜெராக்ஸ் மட்டுமே போதும். நிர்வாகக் குழுவுல நான் பேசுறேன், யாரும் மறுக்க மாட்டாங்க. அக்காகிட்டயும் கலந்துக்குங்க.

வேணாம்னா ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. ஆபிதா பாட்டில் வெச்சிருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? போன ஜூன்ல ரெண்டு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தது யாரு? நாலு கடை தள்ளி இருந்த ஒருத்தர். அந்தம்மா கடையில கூட்டம், அவர் கடையில ஈ. நாங்க யாரும் ரிப்போர்ட் கேக்கல. அவராத்தான் கொண்டாந்து குடுத்தாரு. கீழ எம்.ஏ., எம்.ஃபில். போட்டு கையெழுத்து. அத ஃபைல்ல பத்திரமா வெச்சிருக்கேன்.

அப்புறம் இந்த பாட்டில பாத்தா குமட்டுது, பொரட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. பாப்பா ஞானஸ்நானத்துல ரெண்டு கப்பு வாங்கிக் குடிச்சீங்களே, அது என்னன்னு நினைச்சீங்க? கறுப்பா இருந்ததால காப்பின்னு நினைச்சுட்டீங்களோ? மண்டபம் திண்டுக்கல் ரோட்டுல மச்சான். எல்லைக்கு வெளிய.

கடைசியா ஒண்ணு. லைசென்ஸ் ராணி பேர்ல இருக்கு. நீங்க வெளிய சொன்னா அசிங்கப்படப் போறது நான் இல்ல. அவ. ரெண்டு பொழுது யோசிச்சு செய்யுங்க.

மாப்ள
ஸ்டீபன்

*

காட்டூர்,
2 ஏப்ரல் 2025

ஸ்டீபன்ராஜ்,

இனி ‘அவர்களுக்கு’ கிடையாது.

நீங்கள் சொன்னது பொய் என்றால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொய்யில்லை. ஆபிதா கடையில் கூட்டம் இருந்தது. என் கடையில் ஈ இருந்தது. போன ஜூனில் ஒரு மத்தியானம் அவள் கடைக்குப் போய், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, “கலர் வேணும், நல்ல கலரா” என்று கேட்டேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். வாத்தியார் சார்தானே என்று நம்பினாள். பழைய பேப்பரில் சுற்றி, மாத்திரைக் கடைக்காரர் எதையோ மறைத்துக் கொடுப்பது போலக் கொடுத்தாள். அந்தப் பாட்டிலைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு வந்து உங்கள் மேஜையில் வைத்தேன். அந்தச் சாயங்காலம் எனக்குள் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என் வாயே கசக்கிறது. உங்கள் மேல் எனக்குள்ள அருவருப்பில் பாதி என்மேல் உள்ளதுதான். மீதிப் பாதி முழுக்க உங்களுக்கே.

ஞானஸ்நானத்தில் குடித்ததும் நிஜம். இரண்டு இல்லை, மூன்று கப். மூன்றாவதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

ஐந்தாம் நம்பரை எனக்குத் தருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மாட்டிக்கொடுத்துத் துரத்தின பெண்ணின் கடையில் நானே உட்கார்ந்து ஆதார் ஜெராக்ஸ் போட வேண்டுமாம். இதை எழுதும்போது உங்கள் தலைப்பில் ‘மரியே வாழ்க’ வேறு. எப்படி மனது வந்தது?

சனிக்கிழமை ஆபிதாவைப் போய்ப் பார்த்தேன். பதினோரு மணி. கடையில் கூட்டம் இல்லை. இடைநீக்கம் என்று நோட்டீஸ் ஒட்டியதிலிருந்து பழைய ஆட்கள் வருவதில்லை என்றாள். மகள் சம்ரீன் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் செய்ததை எல்லாம் சொன்னேன். அவள் பால் பாக்கெட்டை எண்ணிக்கொண்டே கேட்டாள்.

“தெரியும் சார். ரிப்போர்ட்டோட காப்பியை எனக்கும் குடுத்தாங்க. நல்லா எழுதியிருந்தீங்க. ஒரு பிழை இல்ல.”

“மன்னிச்சுக்கம்மா.”

“அல்லா மன்னிப்பான் சார், அது அவன் வேலை. எனக்கு மன்னிப்பு எல்லாம் வேணாம். கடை வேணும்.”

சம்ரீன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு தடவை நோட்டுப் புத்தகம் சும்மா கொடுத்திருக்கிறேன். அதை நினைவுபடுத்தலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். அவ்வளவு மட்டமான ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை ராணி வந்தாள். அனுப்பியது நீங்கள்தான். ‘அண்ணனைச் சமாதானப்படுத்து’ என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள், எதற்கு என்று சொல்லவில்லை. கூல்பாரில் அன்றைக்கு என் போனில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரிமத்தில் இருந்த பெயரை இரண்டு தடவை படித்தாள்.

“ஏண்ணே, ஸ்ரீரங்கத்துல எனக்குக் கடை இருக்கா?”

“இருக்கு.”

“பேருகூட என் பேரா?”

“ராணி கூல்பார்.”

“பேங்க் பேப்பர்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்குனாரு.” கண்ணாடியைக் கழற்றினாள். அப்புறம், “நல்லா ஓடுதா?” என்றாள்.

நல்லா ஓடுகிறது என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள். உங்களைக் கட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருடம் ஆகிறது. ஒரு புருஷன் பெண்டாட்டி பெயரில் கடை வைத்து, அதைப் பெண்டாட்டியிடமே மறைத்திருக்கிறான். கேட்டால் எல்லைக்கு வெளியே என்பான்.

பொதுக்குழுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கடைசியாகக் கேட்கிறேன்.

செபஸ்தியான்

*

பாலக்கரை,
9.4.2025

மச்சான்,

ராணி என்கூட பேசி ஒரு வாரம் ஆச்சு. சோத்தப் போட்டு வெச்சுட்டு மாடிக்குப் போயிடுறா. சந்தோஷமா?

இனிமே நீட்டி முழக்க எனக்கு நேரம் இல்ல. அஜெண்டா அச்சுக்குப் போயாச்சு. மூணாவது பொருள் ஆபிதா நீக்கம். அது அப்படியேதான் இருக்கும். இப்ப நான் ரத்து பண்ணுனா, ஏன் பண்ணுனன்னு நாலு பேர் கேப்பான். அந்த நாலு பேரும் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறுவான். புரியுதா?

நீங்க பொதுக்குழுவுல எந்திரிச்சுப் பேசப் போறீங்கன்னு நம்ம சங்கத்து பிலோமின்ராஜ் சொன்னாரு. தாராளமா வாங்க. மைக்கே தர்றேன். பிச்சமுத்து அண்ணன்தான் தலைமை. ஃப்ரிட்ஜ கடைக்கு உள்ள தள்ளி, மேல துணி போட்டு மூடியாச்சு. போட்டோ வெச்சிருக்கீங்களா, காட்டுங்க. நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? “ஞானஸ்நானத்துல முன் வரிசையில சேர் போடலன்னு என் மச்சானுக்குக் கோவம். தீர்மானத்த எழுதுனதும் அவர்தான், ரிப்போர்ட் குடுத்ததும் அவர்தான், இப்ப ரெண்டும் தப்புன்னு சொல்றதும் அவர்தான்.” அவ்வளவுதான். மொத்த ஹாலும் சிரிக்கும். மச்சான் மாப்ள சண்டைன்னு டீ சொல்லிட்டு அடுத்த பொருளுக்குப் போயிருவாங்க. உங்க பேரு வந்தா போதும், அந்தப் பொம்பள கதை முடிஞ்சுது.

இதுக்கு மேல லெட்டர் வந்தா நான் வாங்க மாட்டேன், போஸ்ட்மேன்கிட்ட சொல்லிட்டேன்.

ஸ்டீபன்ராஜ்
செயலாளர்

*

காட்டூர்,
19 ஏப்ரல் 2025

ஸ்டீபன்ராஜ்,

போஸ்ட்மேனிடம் சொல்லிவிட்டீர்கள் என்பதால் இதை ராணியிடம் கொடுத்தனுப்புகிறேன். நேற்று பெரிய வெள்ளி. கோயிலில் சிலுவையை முத்தமிட்டுவிட்டு நேரே இங்கே வந்தவள் இப்போதுதான் திரும்புகிறாள்.

எழுந்து நின்று பேசத்தான் இருந்தேன். வெள்ளைச் சட்டைகூடத் தேய்த்து வைத்தேன். என்ன பேச வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதினேன். அதில் கல்லூரி வந்துவிட்டது, துண்டறிக்கை வந்துவிட்டது, ஞானஸ்நானத்தில் எனக்குப் போட்ட நாற்காலி வந்துவிட்டது. ஆபிதா மூன்றாம் பக்கத்தின் கடைசியில்தான் வந்தாள். அதைப் படித்தபோதுதான் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் சரி என்று தெரிந்தது. என் பெயர் அந்த ஹாலுக்குள் நுழைந்தால் அதற்குப் பின்னால் என் கோபம் எல்லாம் நுழையும், நீங்கள் சிரிக்க வைப்பீர்கள், அவள் கடை போய்விடும். நீங்கள் என்னைப் பயமுறுத்த எழுதினீர்கள். எனக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள்.

நான்கு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இப்போது இருப்பது ஒன்பது வரி. நீங்களும் வாசித்து வைத்துக்கொள்ளுங்கள்:

“பாலக்கரை கிழக்கு சிறுவணிகர் சங்க உறுப்பினர்களுக்கு. சங்கச் செயலாளர் குடும்பத்தின் பெயரில் ஸ்ரீரங்கத்தில் எட்டு ஆண்டுகளாக ஒரு கூல்பார் நடக்கிறது. அங்கே விற்பது எது என்று இத்துடன் உள்ள படத்தில் பார்க்கலாம். இதே பானத்தில் பன்னிரண்டு பாட்டில் வைத்திருந்ததற்காக ஐந்தாம் எண் கடை ஆபிதாவை நீக்க 27ஆம் தேதி உங்கள் கையைத் தூக்கச் சொல்லப்போகிறார்கள். தீர்மானம் எல்லாருக்கும் பொருந்தும் என்றால் செயலாளரும் போக வேண்டும். எல்லைக்குள் மட்டும்தான் பொருந்தும் என்றால், காவிரிக்கு அந்தப் பக்கம் கடை வைக்க வசதி இல்லாதவருக்கு மட்டும்தான் இந்தத் தீர்மானம் என்று அர்த்தம். படம் பொய் என்று சொன்னால் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறிப் பாருங்கள். துணி போட்டு மூடியிருப்பார்கள். துணியைத் தூக்குங்கள்.”

எந்த வாக்கியத்திலும் அலங்காரம் இல்லை. விற்பது யார் என்று தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன்.

படத்தில் ராணியின் பெயர் தெரிகிறது. அதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அவள் விடவில்லை.

“இருக்கட்டும்ணே. கேட்டா நானே சொல்லிக்கிறேன், கையெழுத்து போட்டது நான், கடையைக் கண்ணால பாத்தது கிடையாதுன்னு. அவருகூட இருபத்தெட்டு வருஷமா வாழ்றேன், இதுக்கா சாகப் போறேன்?”

“வீட்டுல உனக்குக் கஷ்டம் வரும் ராணி.”

“வரட்டும். மாடியில ஒரு ரூம் இருக்கு.”

பிறகு அவளே உட்கார்ந்து உறைகளை ஒட்டிக் கொடுத்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று கடை. உங்கள் கடையையும் ஆபிதாவின் கடையையும் கழித்தால் நாற்பத்தொன்று. விலாசம் எல்லாம் டைப் அடித்தாயிற்று. என் கையெழுத்து அங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

உங்களுக்கு ஏன் இதைச் சொல்கிறேன் என்று யோசிப்பீர்கள். இன்று சனிக்கிழமை. தபால் திங்கட்கிழமைதான் போகும். ஈஸ்டர் ஒருநாள் குறுக்கே இருக்கிறது. அதற்குள் மூன்றாம் பொருளை நீக்கிவிட்டேன் என்று சங்கக் குழுவில் ஒரு வரி போட்டால், உறைகளை அடுப்பில் போட்டுவிடுகிறேன். போடமாட்டீர்கள். இந்தக் கடிதத்தையும் படித்துவிட்டு இதில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்றுதான் தேடுவீர்கள்.

தேடுங்கள். பொதுக்குழுவில் யாராவது கேட்பார்கள், மொட்டைக் கடிதாசி எழுதியது யார் என்று. ‘என் மச்சான்தான்’ என்று நீங்கள் எழுந்து சொல்லலாம். சொன்னால், அப்படியானால் வீட்டு ஆளே எழுதியிருக்கிறான், உண்மையாகத்தான் இருக்கும் என்று பிச்சமுத்துவே சொல்வார். சொல்லாவிட்டால், பார்த்துச் சிரிக்க அங்கே ஓர் ஆளும் இருக்கமாட்டான். படத்தைப் பற்றியும் ஆபிதாவைப் பற்றியும்தான் பேச வேண்டிவரும்.

நான் வரமாட்டேன். 27ஆம் தேதி காட்டூரில் வீட்டில்தான் இருப்பேன். எந்தத் தாளில் என்ன எழுதினாலும் கீழே பட்டத்தோடு பெயர் போடுவது எனக்கு இத்தனை வருடப் பழக்கம். கை இப்போதும் தாளின் அடிக்குத்தான் போகிறது. ராணி உறை ஒட்டும்போது ஒரு தாளில் பாதிப் பெயர்கூட எழுதிவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு அச்செடுத்தேன்.

ஒன்பது வரிக்குக் கீழே ஒன்றும் இல்லை. அப்படியேதான் திங்கட்கிழமை தபாலில் சேர்க்கப் போகிறேன்.